சான்றிதழில் 10.2, எங்கள் மேசையில் 13.4: கார்பைடின் டஃப்னஸில் எது சரி?

கேள்வி, 11 ஜனவரி 2024

டிரில் செய்ய வாங்கும் கார்பைடு ராடு (டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட்டால் பிணைத்தது). 10 சதவீதம் கோபால்ட், சப்மைக்ரான் தரம், அதாவது துகள் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே. சப்ளையர் சர்டிபிகேட்டில் எச்.வி. 30 கடினம் (30 கிலோ சுமையில் விக்கர்ஸ் எண்) 1580, டஃப்னஸ், அதாவது விரிசல் பரவாமல் எதிர்க்கும் திறன், 10.2 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர். அதே ராடில் ஒரு துண்டு வெட்டி எங்கள் லேபில் அளந்தோம். கடினம் 1580-தான் வருகிறது. டஃப்னஸ் மட்டும் 13.4. மூன்று முறை செய்து பார்த்தாயிற்று. நல்ல சரக்கை யாராவது குறைத்துச் சொல்வார்களா? எங்கள் மெஷினில் கோளாறா?

11 ஜனவரி, இரவு

மெஷினை விடுங்கள், துண்டின் மேற்பரப்பைப் பாருங்கள். கடினம் ஒத்துப்போகிறது என்றால் சுமையும் சரி, வைர முனையும் சரி. வேறுபடுவது விரிசல் மட்டும்.

நீங்கள் செய்வது பாம்க்விஸ்ட் முறை என்று எடுத்துக்கொள்கிறேன். 30 கிலோ சுமையில் விக்கர்ஸ் வைரப் பிரமிடை அழுத்தி, சதுரக் குழியின் நான்கு மூலையிலும் கிளம்பும் விரிசல்களை அளந்து கூட்டுவது. 1957-ல் ஸ்வீடனில் ஸ்வென் பாம்க்விஸ்ட் எழுதியது, இன்று ஐ.எஸ்.ஓ. 28079 என்ற எண்ணில் இருக்கிறது. உங்கள் எண்ணைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 13.4 வர வேண்டுமென்றால் நான்கு விரிசலும் சேர்ந்து 198 மைக்ரான். சப்ளையரின் 10.2-க்கு 342 மைக்ரான். ஒரு மூலைக்கு 50 மைக்ரான், 85 மைக்ரான். நுண்ணோக்கியில் கண் தவறினால் ஐந்து மைக்ரான் போகும். முப்பத்தைந்து போகாது. உங்கள் துண்டில் விரிசல் உண்மையாகவே குட்டையாக நின்றிருக்கிறது.

ஏன் நின்றது என்பதற்கு என் முதல் ஊகம் கிரைண்டிங். வைர வீலில் கார்பைடைத் தேய்க்கும்போது மேல்தோல் நசுங்கி விரியப் பார்க்கும். கீழே இருக்கும் உடம்பு விடாது. அதனால் மேலே பத்துப் பதினைந்து மைக்ரான் ஆழத்துக்கு எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கிப் பிடித்த ஒரு படலம் நிற்கும். பாம்க்விஸ்ட் விரிசல் ஆழமில்லாத விரிசல், மேற்பரப்பை ஒட்டியே ஓடுவது. அந்த நெருக்கத்துக்குள் அது திறக்க முடியாமல் சீக்கிரம் நின்றுவிடும். விரிசல் குட்டை என்றால் கணக்கில் டஃப்னஸ் ஏறும்.

சூத்திரம் கேட்பவர்களுக்கு: 0.0028 × √கடினம் × √(சுமை ÷ விரிசல் மொத்தம்). கடினத்துக்கு எச்.வி. எண், சுமை நியூட்டனில், விரிசல் மில்லிமீட்டரில்.

துண்டை எப்படித் தயார் செய்தீர்கள் என்று எழுதுங்கள். எந்த வீல், எவ்வளவு பாலிஷ், எத்தனை மைக்ரான் எடுத்தீர்கள்.

12 ஜனவரி

கேட்டவரின் பதில் வந்திருக்கிறது. சர்ஃபேஸ் கிரைண்டரில் தட்டையாக்கி, பேக்லைட்டில் மவுண்ட் செய்து (பிளாஸ்டிக் வில்லைக்குள் பதித்து), 3 மைக்ரான் டயமண்ட் பேஸ்டில் பளபளப்பு வரும்வரை தேய்த்தார்களாம். பத்து நிமிடம்.

பத்து நிமிடத்தில் கார்பைடில் எவ்வளவு போகும்? கண்ணாடி மாதிரி மின்னும், ஆனால் கிரைண்டிங் கோடுகளின் தலையை மட்டும் சீவியிருப்பீர்கள். நெருக்கப்பட்ட படலம் அப்படியே அடியில் இருக்கும். மினுக்கத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது; மைக்ரோமீட்டர் வைத்துத்தான் சொல்ல வேண்டும். கிரைண்டிங்குக்குப் பிறகு துண்டின் உயரத்தைக் குறித்து வைத்து, கரடான டயமண்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி, மொத்தம் குறைந்தது 50 மைக்ரான் எடுங்கள். ஒவ்வொரு படியிலும் முந்தின படி விட்டுப்போன சேதத்தை எடுத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

12 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

இன்னொரு வழியும் உண்டு, வெற்றிட உலை இருந்தால். 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஒரு மணி நேரம் வைத்து ஆற்றினால் அந்த நெருக்கம் தளர்ந்துவிடும். எக்ஸ்னர் என்ற ஆய்வாளர் 1969-லேயே இந்தத் தயாரிப்புக் கோளாறை எடுத்துப் பேசியிருக்கிறார். பாம்க்விஸ்ட் எழுதிப் பன்னிரண்டு வருடத்துக்குள் எழுந்த கேள்வி இது. இன்றைக்கும் வாரம் ஒருவர் இதில் விழுகிறார்.

13 ஜனவரி

நானும் விழுந்தவன், அதை எழுதியாக வேண்டும்.

என் முதல் வேலை ஒரு டூல் ரூமில், வரும் சரக்கைச் சோதிப்பது. இரண்டு பேரிடமிருந்து கார்பைடு வாங்கிக்கொண்டிருந்தோம். ஒருவர் சாம்பிளை ராடு துண்டாக அனுப்புவார். நாங்களே கிரைண்ட் செய்து லேசாக பாலிஷ் போட்டு அளப்போம். இன்னொருவர் பொறுமையான மனிதர். தன் லேபிலேயே நன்றாகத் தயார் செய்த, மவுண்ட் போட்ட துண்டை அனுப்புவார். அதை நாங்கள் தொடாமல் அப்படியே மெஷினில் வைப்போம். முதலாமவர் சரக்கு 13, 13 அரை என்று வரும். இரண்டாமவர் சரக்கு பத்தைத் தாண்டாது. நான் வரைபடம் போட்டு, கோடு கிழித்து, முதலாமவர் சரக்கு முப்பது சதவீதம் மேல் என்று மேலதிகாரிக்கு அறிக்கை கொடுத்தேன். இரண்டாமவருக்கு ஆர்டர் நின்றது. ஒரு வருடம் நின்றது.

பிறகு ஒரு நாள் இரண்டு சரக்கையும் ஒரே மவுண்டில் பதித்து பாலிஷ் செய்ய நேர்ந்தது. வேறு எதற்கோ, துகள் அளவு பார்க்க. சும்மா இருக்கிறதே என்று இரண்டிலும் ஒரு குழி போட்டேன். விரிசல்கள் ஒரே நீளம். மறுபடி போட்டேன், அதே. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வருடமாக நான் இரண்டு கம்பெனி சரக்கை ஒப்பிடவில்லை. எங்கள் கிரைண்டரையும் அவருடைய பாலிஷ் மேசையையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, "என் துண்டைத் திருப்பிக் கொடுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேனே தம்பி" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் இந்த இழையில் இவ்வளவு எழுதுகிறேன்.

14 ஜனவரி: திருத்தம்

ஒரு வாசகர் என் 11-ஆம் தேதிச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்து 4.3 வருகிறதே என்று கேட்டிருக்கிறார். அவர் சொல்வது சரி, நான் எழுதியது தவறு. 0.0028 போடும்போது கடினம் சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன் கணக்கில் இருக்க வேண்டும். எச்.வி. எண் கிலோ சுமைக் கணக்கு, அதை 9.807-ஆல் பெருக்க வேண்டும். பெருக்காமல் விட்டால் விடை √9.807, அதாவது 3.13 மடங்கு குறையும். 13.4 ÷ 3.13 = 4.3. அவருக்கு வந்தது அதுதான்.

198, 342 என்று நான் திருப்பிப் போட்டது சுருக்கச் சூத்திரத்தில்: 0.15 × √(எச்.வி. 30 ÷ விரிசல் மொத்தம் மில்லிமீட்டரில்). இதில் 30 கிலோ சுமையும் 9.807-உம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டன. அதனால் அந்த எண்கள் நிற்கும். ஆனால் இந்தச் சுருக்கம் 30 கிலோவுக்கு மட்டும். சுமையை மாற்றினால் நீண்ட சூத்திரத்துக்கே போக வேண்டும்.

யாராவது கார்பைடுக்கு 4.3 என்று சர்டிபிகேட் காட்டினால் முதலில் இந்தப் பெருக்கலைச் சரிபாருங்கள். கண்ணாடிக்கு 0.7, செராமிக்குகளில் அலுமினாவுக்கு 3 முதல் 4, சிலிக்கன் நைட்ரைடுக்குப் பெரும்பாலும் 6, 7. கோபால்ட் சேர்ந்த கார்பைடு அலுமினா பக்கத்தில் வந்து நிற்க வழியில்லை.

14 ஜனவரி, மாலை

"மெகாபாஸ்கல் ரூட் மீட்டர் என்றால் என்ன? மீட்டருக்கு வர்க்கமூலம் எடுத்து எதை அளக்கிறோம்?" என்று ஒரு மாணவர். நல்ல கேள்வி, எனக்கு இது புரிய வருடங்கள் ஆயின.

கண்ணாடிக் கடையில் பார்த்திருப்பீர்கள். சின்னச் சக்கரத்தால் ஒரு கோடு இழுப்பார், பிறகு இரண்டு கையால் லேசாக மடக்குவார், கோட்டோடு பிரிந்துவிடும். கண்ணாடி அதே கண்ணாடி. கோடு போட்டதும் அது தாங்கும் இழுவிசை சரிந்துவிடுகிறது. எவ்வளவு சரியும்? விரிசலின் ஆழம் நான்கு மடங்கானால் பலம் பாதி. ஒன்பது மடங்கானால் மூன்றில் ஒரு பங்கு. அதாவது, உடையும் தருணத்தின் இழுவிசையை விரிசல் நீளத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால், விரிசல் எவ்வளவாக இருந்தாலும் ஒரே எண் வரும். மாறாமல் நிற்கிற அந்த எண்தான் டஃப்னஸ். இழுவிசை மெகாபாஸ்கல், நீளத்தின் வர்க்கமூலம் ரூட் மீட்டர். அளவு அப்படிப் பிறந்தது. இங்கிலாந்தில் கிரிஃபித் 1921-ல் கண்ணாடியை வைத்தே இதைத் தொடங்கினார். இப்போது நாம் எழுதும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் இர்வின், 1957. பாம்க்விஸ்ட் எழுதிய அதே வருடம்.

15 ஜனவரி

பொங்கல். லேப் மூடியிருக்கிறது. வீட்டில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது: கணுவில் வெட்டினால் கத்தி நிற்கும், கணுவுக்கு நடுவில் நார் போகும் பக்கம் சும்மா பிளந்துகொண்டு போகும். ஒரே கரும்புக்கு இரண்டு டஃப்னஸ். கார்பைடு அப்படித் திசை பார்ப்பதில்லை, அது நமக்கு ஒரு சௌகரியம்.

17 ஜனவரி

கறுப்பு செராமிக் இன்செர்ட்டுக்கும் (மாற்றிப் போடும் வெட்டுமுனை; அலுமினா, டைட்டானியம் கார்பைடு கலந்தது) இதே 0.15 சூத்திரத்தைப் போட்டுத் தன் அறிக்கையில் எழுதியிருப்பதாக ஒருவர் சொல்கிறார். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

காரணம் விரிசலின் வடிவம். கோபால்ட் உள்ள கார்பைடில் நான்கு மூலையிலும் நான்கு தனித்தனி ஆழமற்ற விரிசல்கள். செராமிக்கில் எதிரெதிர் மூலை விரிசல்கள் குழிக்கு அடியில் ஒன்று சேர்ந்து அரை வட்டமாக ஆழமாகப் போகும். எது என்று தெரிய ஒரு எளிய சோதனை உண்டு: குழி இருக்கும் இடத்தை மெல்லப் பாலிஷ் செய்து இறங்குங்கள். ஆழமற்றவை என்றால் விரிசல்கள் குழியை விட்டுத் தனியாகப் பிரிந்து நிற்கும். அரை வட்டம் என்றால் கடைசிவரை குழியோடு ஒட்டியே இருக்கும். அரை மணி நேர வேலை. செய்து பார்த்தவர் பிறகு குழப்பிக்கொள்ள மாட்டார்.

அரை வட்டத்துக்கு ஆன்ஸ்டிஸ் குழுவின் 1981 சூத்திரம் உண்டு: 0.016 × √(மீள்தன்மை எண் ÷ கடினம்) × சுமை ÷ (விரிசல் நீளத்தின் ஒன்றரை அடுக்கு). இங்கே நீளத்தைக் குழியின் நடுவிலிருந்து அளக்க வேண்டும், மூலையிலிருந்து அல்ல. அந்த 0.016-ஐக் கொடுத்தவர்களே கூட்டல் கழித்தல் 0.004 என்று போட்டிருக்கிறார்கள். கால் பங்கு. உங்கள் இன்செர்ட் மாதிரி ஒன்றுக்கு, 10 கிலோ சுமை, விரிசல் 150 மைக்ரான் என்று வைத்துப் போட்டால் எனக்கு 3.9 வருகிறது. அந்தக் கால் பங்கை விரித்தால் 2.9-லிருந்து 4.9 வரை எதுவும் இருக்கலாம். இரண்டு தரங்களில் எது மேல் என்று கேட்டால் இந்த இடைவெளிக்குள் பதில் காணாமல் போகும்.

2007-ல் க்வின், பிராட் இருவரும் அமெரிக்க செராமிக் சங்க இதழில் இந்தக் குழிவிரிசல் முறையை செராமிக்குகளுக்கு டஃப்னஸ் அளவாக இனி ஏற்கக்கூடாது என்றே எழுதினார்கள். முதலில் படித்தபோது எனக்கு அது அதிகப்படியாகத் தெரிந்தது. இப்போது அவர்கள் பக்கம்தான் நிற்கிறேன்.

17 ஜனவரி, இரவு

"அப்படியானால் கார்பைடுக்கு மட்டும் ஏன் அதே மாதிரி முறையைத் தாங்கிப் பேசுகிறீர்கள்?" என்று உடனே கேள்வி வந்துவிட்டது.

கேட்க வேண்டியதுதான். கார்பைடில் விரிசல் நேர்கோட்டில் ஒழுங்காக நடக்கிறது: சுமையைக் கூட்டினால் விரிசல் மொத்தமும் அதே ஒழுங்கில் கூடுகிறது. செராமிக்கில் குழியைச் சுற்றி உதிரும், பக்கவாட்டில் விரியும், காற்றின் ஈரம் பட்டால் விரிசல் மெல்ல மெல்ல நகரும். அளந்துகொண்டிருக்கும்போதே வளரும். அதோடு கார்பைடில் தேய்மானத் தரங்களுக்கு உடைத்துப் பார்க்கும் முறைகளின் எண்ணும் பாம்க்விஸ்ட் எண்ணும் ஓரளவு கிட்டத்தில் வருகின்றன. கோபால்ட் கூடக் கூட விலகிப் போகும். 15 சதவீதத்துக்கு மேல், கரடான துகள் உள்ள சுரங்கத் தரங்களில் 30 கிலோவுக்கு விரிசலே வராது. வராத விரிசலுக்கு "மிக நன்று" என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே சுமையைக் கூட்டலாம், இல்லாவிட்டால் துண்டை உடைத்தே பார்க்க வேண்டும்.

20 ஜனவரி

உடைத்துப் பார்ப்பது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதில்தான் என் பல மாதங்கள் போயின.

அடிப்படை எளிது. 3 × 4 × 45 மில்லிமீட்டர் அளவில் கம்பி மாதிரி ஒரு துண்டு. நடுவில் ஒரு வெட்டு. நான்கு உருளை வைத்து வளைத்து உடைக்க வேண்டும். உடைத்த சுமையும் வெட்டின் ஆழமும் தெரிந்தால் டஃப்னஸ் தெரியும். சிக்கல் எல்லாம் வெட்டின் நுனியில். விரிசல் என்றால் நுனி கூர்மையாக இருக்க வேண்டும். வயர் கட்டில் (தீப்பொறி பாயும் கம்பியால் அறுக்கும் மெஷின்) வெட்டினால் கால் மில்லிமீட்டர் கம்பி போன இடம் அதைவிட அகலமாக, அடி உருண்டையாக, தண்ணீர்த் தொட்டி மாதிரி இருக்கும். அந்த உருண்டை நுனியில் விரிசல் தொடங்கவே கூடுதல் சுமை வேண்டும். டஃப்னஸ் பொய்யாக ஏறும். அதோடு தீப்பொறி உருக்கிய தோல் ஒன்று வெட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சிலிக்கன் நைட்ரைடுக்கு நாங்கள் செய்தது ரேசர் பிளேடு முறை. ஐந்து கம்பிகளைப் பக்கம் பக்கமாகத் தட்டில் ஒட்டி, இரண்டு ஓரத்திலும் வீணாகப் போகும் துண்டு ஒவ்வொன்று வைத்து, டயமண்ட் வீலில் முதலில் ஒரு பள்ளம். பிறகு சவரக் கத்தி பிளேடைப் பள்ளத்தில் வைத்து, 3 மைக்ரான் டயமண்ட் பேஸ்ட் தடவி, முன்னும் பின்னும். அப்புறம் 1 மைக்ரான் பேஸ்ட். இரும்பு பிளேடு எப்படி நைட்ரைடை அறுக்கும் என்று கேட்காதீர்கள், அறுப்பது பேஸ்டில் இருக்கும் வைரம். பிளேடு அதைச் சுமந்து போகிறது. முதல் நாள் கையாலேயே செய்தேன். கை அலுத்ததும் அறியாமல் அழுத்திவிடுவோம், பிளேடு வளையும், வெட்டு கோணும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு பக்கம் ஆப்பு மாதிரி கூர்மை, மறுபக்கம் தொட்டி. ஐந்தும் குப்பைக்குப் போயின. பிறகு ஒரு பழைய ஹேக்ஸா மெஷினின் ஆட்டத்தைக் கடன் வாங்கி, மிக லேசான எடை வைத்து, அதுபாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டோம். நுனி ஆரம் பத்து மைக்ரானுக்குக் கீழே வந்தது. அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இந்த முறையை ஸ்விட்சர்லாந்தில் எம்பா ஆய்வகத்தின் யாக்கோப் கூப்லர் பல நாட்டு லேபுகளுக்கு ஒரே துண்டுகளை அனுப்பிச் சோதித்தார். ஐ.எஸ்.ஓ. 23146 அதிலிருந்து வளர்ந்தது. மிக நுண்ணிய துகள் உள்ள சிர்கோனியாவுக்கு மட்டும் எச்சரிக்கை: அங்கே பத்து மைக்ரான் நுனியும் மொட்டைதான்.

21 ஜனவரி

நேற்றையதில் விட்டது. வெட்டே வேண்டாம், உண்மையான விரிசலையே உண்டாக்கலாம் என்றால் ஜப்பானிய முறை, ஜே.ஐ.எஸ். ஆர் 1607. கம்பியில் ஒரு சின்னக் குழி போட்டு, நடுவில் பள்ளம் உள்ள பாலம் மாதிரித் தாங்கியின் மேல் குழி பள்ளத்துக்கு நேராக வருகிறபடி வைத்து, மேலிருந்து அழுத்த வேண்டும். பள்ளத்துக்கு மேலே இருக்கும் இடத்தில் இழுவிசை வந்து விரிசல் ஒரே தாவில் உள்ளே ஓடி, தானாக நின்றுவிடும். "டிக்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டு நிற்போம். மெஷினில் வரைகோடு எதையும் காட்டாது, காதுதான் கருவி. இன்னொருவர் அப்போது கதவைச் சாத்தினால் கோபம் வரும்.

21 ஜனவரி, இன்னும் ஒன்று

கார்பைடில் உடைக்க விரும்புகிறவர்களுக்கு, அமெரிக்கத் தரநிலையான ஏ.எஸ்.டி.எம். பி 771-இல் உள்ள குட்டைத் துண்டு முறை எனக்குப் பிடிக்கும். வெட்டைக் கோடாகப் போடாமல், நடுவில் முக்கோணமாகக் கொஞ்சம் விட்டுவைத்து வெட்டுவது. விரிசல் முக்கோணத்தின் கூர்முனையில் சீக்கிரமே பிறக்கும். முன்னேற முன்னேறக் கிழிக்க வேண்டிய அகலம் கூடிக்கொண்டே போவதால் திடீரென்று பாயாமல் நிதானமாக வளரும். உச்ச சுமையைக் குறித்தால் போதும், விரிசல் நீளம் அளக்க வேண்டியதே இல்லை. வெட்டைச் சரியாகப் போட்டுக் கொடுக்கும் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

உடைத்துப் பார்க்கும் முறையைத் தொடங்குகிறவர்கள் தங்கள் கையைச் சோதித்துக்கொள்ள அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் எஸ்.ஆர்.எம். 2100 என்று சிலிக்கன் நைட்ரைடு கம்பிகளை உண்டாக்கியது. டஃப்னஸ் 4.57 என்று எழுதிக் கொடுத்தது. அதே கம்பியில் விரிசலைச் சரியாக உண்டாக்கி உடைத்து 5.5 வந்தால், பிழை நம்முடையது.

23 ஜனவரி

பழைய ஆட்கள் கார்பைடை ஏன் "விடியா" என்கிறார்கள் என்று இடையில் ஒருவர். ஜெர்மனியில் எஸ்ஸன் நகரில் க்ருப் நிறுவனம் 1920-களின் பின்பகுதியில் சந்தைக்குக் கொண்டுவந்த பெயர் அது. "வைரம் போல" என்பதற்கான ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்துகள். நம் பட்டறைகளில் அது பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. சுவரில் ஓட்டை போடும் பிட்டும் விடியா பிட்தான். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், "கார்பைடு" என்றால் மாம்பழம் பழுக்க வைப்பது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

பி.சி.டி. (வைரத் துகள்களைச் சேர்த்து இறுக்கியது), பி.சி.பி.என். (அதேபோல் போரான் நைட்ரைடில் செய்தது) பற்றியும் கேட்டிருந்தார். வைரத்தின் மேல் வைர முனையை அழுத்தினால் முனை போய்விடும், காசுதான் வீண். கார்பைடு மேல் அரை மில்லிமீட்டர் படலமாக இருப்பதிலிருந்து வளைக்கும் கம்பி எடுப்பதும் முடியாது. வட்டுத் துண்டில் நடுவே வெட்டு வைத்து விட்டத்தின் வழியே அமுக்கிப் பிளக்கும் முறை ஒன்று இருக்கிறது. நான் அதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி.

26 ஜனவரி

கேட்டவரின் இரண்டாம் சுற்று. 20 மைக்ரான் எடுத்தாராம். விரிசல் மொத்தம் 262 மைக்ரான், டஃப்னஸ் 11.7. இறங்குகிறது. நிறுத்தாதீர்கள். கரடு டயமண்ட் தானே உண்டாக்கிய சேதம் இன்னும் மேலே இருக்கலாம். கடைசி இரண்டு படிகளிலும் நேரம் கொடுங்கள்.

27 ஜனவரி

இரவு முழுக்க ஒன்று உறுத்தியது. இவர் எதற்காக டஃப்னஸ் அளக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டேன். டிரில் உடைகிறதாம். அதனால் "சரக்கு டஃப்னஸ் குறைவோ" என்று தொடங்கி, 13.4 வந்ததும் "சரக்கு பிரமாதம், பிறகு ஏன் உடைகிறது" என்று குழம்பியிருக்கிறார்.

இங்கே பலம் வேறு, டஃப்னஸ் வேறு என்பதைப் பிரிக்க வேண்டும். இந்தத் தரத்துக்கு வளைபலம் 3700 மெகாபாஸ்கல் வாக்கில் சர்டிபிகேட்டில் இருக்கும். டஃப்னஸ் 10.4 என்று வைத்துக்கொண்டு, அந்தப் பலத்தில் உடைக்கும் குறை எவ்வளவு பெரியது என்று போட்டுப் பாருங்கள். உள்ளே வட்டமான விரிசல் என்றால் ஆரம் சுமார் 6 மைக்ரான். அவ்வளவுதான். தலைமுடியின் பத்தில் ஒரு பங்கு. சிலிக்கன் நைட்ரைடுக்கு, டஃப்னஸ் 6, பலம் 900 என்று போட்டால், 35 மைக்ரான் வரை பொறுக்கும். நுண்துகள் கார்பைடு அவ்வளவு பலமாக இருப்பது அதில் குறைகள் அவ்வளவு சின்னதாக இருப்பதால். நாம் கிரைண்டிங்கில் ஒரு பெரிய குறையைப் போட்டுவிட்டால் அந்தப் பலம் நமக்குக் கிடைக்காது. டிரிலின் வெட்டு விளிம்பில் 15 மைக்ரான் ஆழத்துக்குக் கூரான பிளவு இருந்தால் பலம் 2000 பக்கம் இறங்கிவிடும். பத்தோ பதின்மூன்றோ, டஃப்னஸ் எண் அதைக் காப்பாற்றாது.

இதைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும். உடைந்த டிரில்லை எறிந்துவிட்டீர்களா? இருந்தால் உடைந்த முகத்தையும் விளிம்பையும் 200 மடங்கில் படம் எடுத்துப் போடுங்கள். உடைந்த முகத்தில் விரிசல் பிறந்த இடத்தைச் சுற்றி வழவழப்பாக ஒரு வட்டம் தெரியும். அங்கிருந்து வெளியே கோடுகள் விசிறி மாதிரி விரியும். விசிறியின் காம்பைத் தேடுங்கள்.

31 ஜனவரி

மூன்றாம் சுற்று வந்துவிட்டது: 60 மைக்ரான் எடுத்து, விரிசல் மொத்தம் 331. டஃப்னஸ் 10.4. ஐந்து குழிகளின் சராசரி. சப்ளையரின் 10.2-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 11 மைக்ரான், அதுவும் நான்கு விரிசலுக்குச் சேர்த்து. இரண்டு பேர் ஒரே குழியைப் பார்த்தாலே அவ்வளவு வரும். அவர் சர்டிபிகேட் சரி.

உங்கள் அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் கூட்டுங்கள்: "கிரைண்டிங்குக்குப் பிறகு எடுத்தது ... மைக்ரான்". அந்தக் கட்டம் காலியாக இருந்தால் டஃப்னஸ் எண்ணை நிரப்ப வேண்டாம் என்று உங்கள் ஆளிடம் சொல்லுங்கள். நான் அந்தக் கட்டத்தை வரைய ஒரு வருடமும் ஒருவருடைய ஆர்டரும் போயின.

3 பிப்ரவரி

படங்கள் பார்த்தேன். மூன்று டிரில்லிலும் விசிறியின் காம்பு ஒரே இடத்தில், புளூட் (டிரில்லின் சுருள் பள்ளம்) விளிம்பில், மூலையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில். விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. உங்கள் அளவுகோலில் பெரிய பல் 15 மைக்ரானுக்கு மேலே. ராடை மாற்ற வேண்டாம். புளூட் போடும் வீலின் துகள் அளவு என்ன, வீலைக் கடைசியாக எப்போது டிரெஸ் செய்தீர்கள் (தேய்ந்த முகத்தைச் சீராக்குவது), விளிம்பைக் கடைசியில் ஹோனிங் செய்கிறீர்களா (லேசாகத் தேய்த்து மழுக்குவது) என்று எழுதுங்கள். இதே ராடில் நுண்ணிய வீலில் ஆறு டிரில் போட்டு, பழைய ஆறோடு சேர்த்து ஒரே மெஷினில் ஓட்டுங்கள்.